நின்றால் சுடும் வண்டி

புறங்கையை இன்ஜின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறாள் மெக்கானிக் அக்கா. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போலத்தான். மறுகணம் "ஸ்ஸ்..." என்று கையை உதறி, சுட்ட இடத்தைக் காது மடலில் தேய்த்து ஆற்றிக்கொள்கிறாள். "உள்ளங்கை காய்ச்சுப் போச்சு, அதுக்கு ஒண்ணும் தெரியாது. புறங்கைதான் பொய் சொல்லாது" என்பாள்.

உடம்புக்குப் பெரிதான காக்கிச் சட்டை. கடைக்குள் ஒரு வண்டி நுழைந்ததும் அதன் சாவி அந்தச் சட்டைப்பைக்குள் போய்விடும். மேலே பொத்தானும் மாட்டிவிடுவாள். கோளாறு தீராமல் சாவி வெளியே வராது. "அவசரம்க்கா, மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று யாராவது கெஞ்சினால் சட்டைப்பையைத் தட்டிக் காட்டுவாள். "பாதி வைத்தியத்துல எந்திரிச்சு ஓடறவங்களுக்கு நான் ஆளில்ல."

எதற்கும் பிடிபடாத கோளாறு என்றால் வண்டிக்காரரையே ஓட்டச் சொல்லிப் பின்னால் ஏறிக்கொள்வாள். ஒருவர் பிரேக்கில் காலை ஊன்றியபடியே போவார். இன்னொருவர் கிளட்சை முழுதாக விடவே மாட்டார். வண்டியின் நோய் பாதி ஓட்டுகிறவரிடம்தான் இருக்கிறது என்பது அவள் கட்சி. பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் விடமாட்டார்: "கிளம்பிட்டாய்யா மகராணி, ஓசிப் பவனி!"

"நீங்க ட்யூபுக்குக் காத்தடிங்கண்ணே, எனக்கு அடிக்காதீங்க."

ஒரு நாள் தையற்காரர் ஒருவர் தம் பழைய வண்டியை மூன்றாம் முறையாகத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். ஹேண்டிலில் எப்போதும்போல ஒரு துணிப்பை. வேலை முடியும்வரை அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கீழே வைக்க மாட்டார்.

"மறுபடியும் கொதிக்குதும்மா."

"உன் கைராசி போச்சு தங்கச்சி, போர்டக் கழட்டி என்கிட்டக் குடுத்துடு" என்றார் பஞ்சர் கடைக்காரர்.

அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. ஆயில் மாற்றியாயிற்று. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியாயிற்று. இன்ஜினைச் சுற்றி அப்பியிருந்த சேற்றைக் கூடக் குச்சியால் நோண்டி எடுத்தாயிற்று. அவள் ஓட்டிப் பார்த்தால் சமர்த்தாக ஓடுகிறது. அவரிடம் போனால் சூட்டில் சைலன்சரின் கழுத்து நீலம் பாரிக்கிறது.

சாவியைத் தானே செருகி முடுக்கினாள். "தினம் போற வழியிலயே போங்கய்யா. பின்னாடி நான் இருக்கறதை மறந்துடுங்க."

"அது... சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வர்றதும்மா."

"அந்தச் சும்மாதான் எனக்கு வேணும்."

பிரேக் சரி, கிளட்ச் சரி. பூப்போல ஓட்டினார். கடைவீதி தாண்டி, பள்ளிக்கூடம் தாண்டி, ஒரு மாடி வீட்டுக்கு எதிரே மர நிழலில் நின்றார். காலை ஊன்றினார். இன்ஜினை அணைக்கவில்லை.

யாருக்கோ காத்திருக்கிறார் என்றுதான் அக்கா முதலில் நினைத்தாள். நேரம் போனது. வண்டி உறுமிக்கொண்டே நின்றது. வெக்கை அவள் முழங்கால்வரை ஏறியது. அப்போது மாடிக்கு ஒரு பெண் வந்தாள், இடுப்பில் குழந்தையோடு, காய்ந்த துணியை எடுக்க. முன்னால் இருந்த முதுகு மூச்சு விடுவதையே நிறுத்திவிட்டது.

"யாரு வீடுய்யா?"

"மக வீடு."

"அப்ப உள்ள போறதுக்கென்ன?"

அவர் திரும்பவில்லை. "ஊர்ப் பொண்ணுங்களுக்கெல்லாம் கல்யாண உடுப்பு தைச்ச கைம்மா இது. தானாப் பாத்து ஒருத்தனைக் கட்டிக்கறாளேன்னு, எம் பொண்ணுக்கு மட்டும் அளவெடுக்க மாட்டேன்னுட்டேன். கடையில விக்கிற துணியப் போட்டுக்கிட்டுப் போனா."

"சரி, வண்டியவாவது அணைக்கலாமில்ல?"

"அணைச்சா இறங்கணுமேம்மா."

ஹேண்டிலில் தொங்கிய துணிப்பையின் வாய் திறந்திருந்தது. உள்ளே ஒரு சின்னஞ்சிறு கவுன். ஓரமெல்லாம் பிரித்துத் தைத்த பழைய ஊசித் தடங்கள்.

"பேத்திக்கு. இங்கேருந்து கண்ணாலயே அளவெடுத்தேன். அவ வளர வளரப் பிரிச்சு விட்டுக்கிட்டே இருக்கேன்." கவுனின் ஓரத்தை விரலால் தடவினார். "மடிப்புல துணி தீந்துபோச்சும்மா. இனிமே பிரிக்க முடியாது."

எத்தனையோ இன்ஜின்களைப் பிரித்துப் போட்ட அக்கா கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஓடற வண்டிக்குக் காத்து படும்யா, ஆறிக்கும். நின்ன இடத்துலயே நின்னு உறுமிக்கிட்டிருந்தா எந்த இன்ஜினும் வெந்துதான் போகும்."

சொல்லிக்கொண்டே பின்னாலிருந்து கையை நீட்டிச் சாவியைத் திருப்பி உருவிக்கொண்டாள்.

தெரு சட்டென்று அடங்கியது. ஆறத் தொடங்கிய இரும்பு மட்டும் டிக் டிக்கென்றது. தினமும் கேட்டுப் பழகிய சத்தம் பாதியில் நின்றதாலோ என்னவோ, மாடியில் இருந்த பெண் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டுத் திரும்பினாள். கீழே பார்த்தாள். உள்ளே போகவில்லை.

"சாவி... சாவியக் குடும்மா, சீக்கிரம்!" தையற்காரர் பின்பக்கமாகக் கையை நீட்டினார்.

அக்கா ஹேண்டிலிலிருந்து துணிப்பையைக் கழற்றி அந்தக் கையில் மாட்டினாள். சாவியைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினாள்.