அரிசி முடிந்துவிட்டது என்று சொன்ன நாள்

எழுபதுகளில் அரிசித் தட்டுப்பாடு கடுமையாக இருந்த நேரம். ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குப் பக்கத்தில்தான் எங்கள் வீடு. காற்றுக்கு வள்ளம் ஓடாவிட்டால் போதும், துறையில் நிற்பவர்களை என் கணவர் சாப்பிட அழைத்து வந்துவிடுவார். கேட்டால், "ஆண்டவர் தருவார்" என்பார்.

"ஆண்டவரோ வந்து உலை வைக்கிறவர்?" என்று எரிந்து விழுவேன்.

ஒருநாள் மத்தியானம், ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்ப வழியில்லாமல் நின்ற நெடுந்தீவு அக்கா ஒருவரைக் கைக்குழந்தையோடு கூட்டி வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அரிசியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, "அரிசி முடிஞ்சுபோச்சு அக்கா" என்றேன்.

அந்த அக்காவின் முகம் மாறவில்லை. வழிக்கென்று கட்டிவந்த, காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல்மாப் பிட்டை அவிழ்த்து, முதல் பங்கைப் பக்கத்தில் நின்ற என் சின்ன மகளுக்குக் கொடுத்தார்.

"பிள்ளை பசி கிடக்கக்கூடாது தங்கச்சி. நீரும் சாப்பிடும்."

அவர் தந்த பிட்டைக் கீழே வைத்தேன். எழுந்துபோய் அலுமாரியைத் திறந்து அரிசியை எடுத்து வந்தேன்.

"பொய் சொல்லிப்போட்டன் அக்கா."

"ஓம், முடிஞ்சுபோயிடுமெண்ட பயத்தில நானும் சொல்லியிருக்கிறன்," என்றார். "உலையை வையும்."

தட்டுப்பாடு முடியும்வரை எங்கள் வீட்டில் உலை வைக்காத நாள் இருக்கவில்லை. கணவர் ஆட்களைக் கூட்டி வந்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான். ஆனால் 'எங்களுக்கு உணவு தாரும்' என்று செபிக்கும்போது, அந்த 'எங்களுக்கு' எத்தனை பேர் என்று இப்போது நான் எண்ணிப் பார்ப்பதில்லை.