மீன் இடித்த கயிறு

வலதுகைச் சுட்டுவிரலை வெட்டி எடுத்துவிடச் சொல்லித்தான் கிருபாநிதி ஆஸ்பத்திரிக்குப் போனான். சங்கு குளிக்கும்போது கயிறு பாறையில் சிக்கினால் அறுத்துவிடுவார்கள். விரலையும் அப்படித்தான் நினைத்தான்.

தூத்துக்குடிக் கடலில் சங்கெடுக்க முழுகும் சேக்காளி ரெக்ஸுக்குப் படகில் நின்று கயிறு பிடிப்பது அவன் தொழில். ஆபத்தென்று கீழிருந்து கயிற்றை அசைத்தால் ஆளை மேலே தூக்க வேண்டும். ஒருநாள் கீழே ரெக்ஸின் காற்றுக்குழாய் முறுக்கிக்கொண்டது. பதறி இழுத்ததில் கயிறு கிருபாநிதியின் விரலைப் படகின் விளிம்போடு வைத்து நசுக்கியது. ரெக்ஸ் பிழைத்தான். விரலும் ஆறி, புது நகம்கூட முளைத்துவிட்டது. வலி மட்டும் போகவில்லை. ஃபேன் காற்று பட்டாலே நெருப்பை வைத்த மாதிரி எரிந்தது. அந்தக் கையால் கயிற்றைத் தொடவே முடியவில்லை. தொடாதவனுக்குப் படகில் என்ன வேலை? கரையில் வைத்தியம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை, நம்பத்தான் ஆளில்லை. "நடிக்கான்" என்றார்கள்.

காயல்பட்டினத்து டாக்டர் ஸாலிஹா விரலைப் பார்த்துவிட்டு வேண்டாமென்று தலையாட்டினார்.

"எடுத்தாலும் வலி போகாதுண்ணே. அது இப்ப விரல்ல இல்ல, தண்டுவடத்துல இருக்கு."

கிருபாநிதிக்கு ஏமாற்றத்தைவிட ஆச்சரியம் முந்திக்கொண்டது. "முதுகுலயா? அங்கன ஒண்ணும் படலியே டாக்டரம்மா!"

"வலிச் சேதிய அங்கன கொண்டு சேக்கது குளூட்டமேட்டுன்னு ஒரு பொருள். அத வாங்கிக்கிட ரிசப்டர்னு கதவுங்க இருக்கு. அதுல ஒரு வகை, சாதாரணமா அடைச்சே கிடக்கும். வலி விடாம வந்து தட்டுனா திறந்துக்கிடும். அப்புறம் லேசா தொட்டாலும் பெரிய வலின்னு மூளைக்குச் சொல்லிரும்."

கிருபாநிதி யோசித்தான். அடிபட்ட பிறகு சில நாள் இடக்கையால் கயிறு பிடித்துப் பார்த்திருந்தான். கயிறு கொஞ்சம் சிலிர்த்தாலும் பயந்து ரெக்ஸை மேலே இழுத்துவிடுவான். சங்கைக் கண்ணால் கண்டும் எடுக்க முடியாமல் வந்த ரெக்ஸ் கத்துவான்: "ஏலே, மீனு இடிச்சதுக்கெல்லாம் தூக்குவியா?"

"அப்ப முதுகுக்குள்ள கயிறு பிடிக்கவனும் என்னய மாதிரி பயந்து கிடக்கானா டாக்டரம்மா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "ஆமா. அவன அறுக்க முடியாது, பழக்கணும்." மாத்திரை எழுதிக் கொடுத்து, தினமும் விரலை முதலில் பஞ்சால் தொட்டுப் பழக வேண்டும், பிறகு துணியால், கடைசியில் கயிற்றால் என்றார்.

பஞ்சுக்கே கண்ணீர் வந்தது. துணிக்கு மாதக்கணக்கானது. கயிற்றைத் தொடும் நாளில் ரெக்ஸ் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். லேசாக ஒரு அசைப்பு. கிருபாநிதிக்குத் தோள்வரை எரிந்தது.

"வலிக்காலே? விட்டுரவா?"

"வலிக்கு." பல்லைக் கடித்துக்கொண்டான், கயிற்றை விடவில்லை. "மீனுதாம்லே. இன்னொருக்கா ஆட்டு."