இடது கை ஏன் வீங்கியது?

அந்த பேக்கரியில் எல்லோருக்கும் அவள் ‘கேக் அக்கா’. அவளைவிட மூத்தவரான முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார். கிரீம் நிரப்பிய கூம்புப் பையை அவள் அழுத்தினால் ரோஜா இதழ் இதழாக இறங்கும். கேக்கில் பெயர் எழுத அவளை விட்டால் ஆளில்லை. அப்படிப்பட்டவளுக்கு ஒருநாள் ‘வாழ்த்துகள்’ எழுதும்போது ழகரத்தின் சுழியில் கை நின்றுவிட்டது. விரல் மடங்கவில்லை.

வலது கை ஏன் வீங்கியது என்பது அவளுக்குப் புரிந்தது. வருஷக்கணக்காகப் பிழிந்த கை, வீங்காமல் என்ன செய்யும்? ஆனால் இடது கையும் அதே விரல்முட்டிகளில் அதே மாதிரி வீங்கியிருந்தது. தட்டைச் சுற்றிவிடுவதைத் தவிர ஒரு துரும்பையும் கிள்ளிப்போடாத கை அது. அதற்கு என்ன வந்தது?

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருந்தார்கள். அவளுடைய அக்காவுக்கு முழங்கால் வலி. நடந்தால் வலிக்கும், உட்கார்ந்தால் அடங்கும். “தேய்மானம்டி. கைக்கு வேலை குடுக்காம வை, சரியாப்போயிடும்” என்றாள்.

வேன் ஓட்டும் கணவருக்கு அவ்வப்போது கால் கட்டைவிரல் செக்கச்செவேலென்று வீங்கும். போர்வை பட்டாலே உயிர் போகும். யூரிக் அமிலம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். “கறியைக் குறைச்சதும் எனக்குக் கேட்டுச்சு. உனக்கு மட்டும் கேக்காதா?” என்றார் அவர்.

இரண்டு பேர் பேச்சையும் கேட்டாள். லீவு போட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கறிப்பக்கமே போகவில்லை. கை இன்னும் விறைத்தது. காலையில் பல் துலக்க பிரஷைப் பிடிக்க முடியாது. வீட்டு வேலை செய்யச் செய்யக் கொஞ்சம் இளகும். அக்காவுக்கோ நாள் முழுக்க நடந்தபின் சாயங்காலம்தான் வலிக்கும். ஒன்றுக்கொன்று ஒத்துவரவே இல்லை.

கடைசியில் மூட்டுநோய் டாக்டரம்மாவிடம் போனாள். “காலையில விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கும்?” என்று அவர் கேட்டார்.

“நான் மனுஷியா ஆக பத்து மணி ஆயிடுது டாக்டர்” என்றவள், அக்காவின் முழங்காலையும் கணவரின் கட்டைவிரலையும் பற்றிச் சொன்னாள்.

“உங்க அக்காவுக்கு மூட்டு தேஞ்சிருக்கு. உங்க வீட்டுக்காரருக்கு யூரிக் அமிலம் பொடிப்பொடியா மூட்டுல படிஞ்சு குத்துது. உங்களுக்கு முடக்குவாதம் மாதிரி தெரியுது. உடம்பைக் காக்கிற எதிர்ப்புசக்தியே மூட்டைத் தாக்கும். பெரும்பாலும் ரெண்டு பக்கமும் வரும்.”

“என் உடம்பு எதுக்கு என்னையே அடிக்கணும்?”

“அது எங்களுக்கே முழுசாத் தெரியாது” என்றார் டாக்டர்.

இரத்தப் பரிசோதனையில் முடக்குவாதத்துக்கான அடையாளம் இல்லை என்று வந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பியது. “அப்ப எனக்கு அது இல்லைதானே?”

“சிலருக்கு இரத்தத்துல தெரியாது. ஸ்கேன்ல உள்வீக்கம் நல்லாத் தெரியுது. மருந்து ஆரம்பிச்சுடலாம்.”

இல்லாத வியாதிக்கு மருந்தா என்று அவள் விழித்தாள். அந்த மாத்திரை வாரத்துக்கு ஒருநாள் மட்டும்தான் என்றதும் இன்னும் குழம்பினாள். “வலி தினமும் இருக்கே, டாக்டர்?”

“தினமும் போட்டா ஆபத்தாயிடும். ஒரு கிழமையை முடிவு பண்ணிக்கோங்க. பலன் மெதுவாத்தான் தெரியும். நடுவுல இரத்தம் பாத்துக்கிட்டே இருக்கணும்.”

அரைமனதோடு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தாள். சில மாதங்களில் வீக்கம் வடிந்தது. முதலாளியிடம் கேட்டு வேலையை மதியத்துக்கு மாற்றிக்கொண்டாள். பெயர்கள் பழையபடி வந்தன. ரோஜா மட்டும் சில நாள் வரும், சில நாள் வராது.

கணவரின் கட்டைவிரல் மறுபடி வீங்கியபோது அவர் நொண்டிக்கொண்டே வந்து அவளுடைய மாத்திரை அட்டையை எடுத்தார். அவள் வெடுக்கென்று பிடுங்கினாள்.

“ரெண்டும் மூட்டுவலிதானே?”

“மூட்டுலதான் வலி. வியாதி வேற.”

“எப்படி வேற?”

எதிர்ப்புசக்தி என்று ஆரம்பித்து, பாதியில் அவளுக்கே தலை சுற்றியது. “எனக்குப் புரிஞ்சாத்தானே உங்களுக்குச் சொல்ல? நாளைக்கு உங்க டாக்டரையே போய்க் கேளுங்க” என்று சொல்லிவிட்டு, அட்டையை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.