காப்பு கட்டின ஊருக்கு நண்டு கொண்டுபோன வசந்தா

அன்றைக்குக் காலையில் ஏரி வசந்தாவுக்கு அள்ளிக் கொடுத்தது. சும்மா சொல்லவில்லை, முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றில் கையை விட்டுத் துழாவினால் கைக்கொரு நண்டு. அதுவும் எப்படி? சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு. ஊரடங்கு போட்டதிலிருந்து படகுச் சத்தம் கிடையாது, ஆள் நடமாட்டம் கிடையாது. பழவேற்காட்டு ஏரியில் இருந்த நண்டெல்லாம் நமக்கென்ன பயம் என்று கரைக்கே வந்துவிட்டன போலிருந்தது. கயிற்றைப் பல்லில் கடித்து மாரில் தொங்கவிட்டிருந்த பறி என்கிற ஓலைக்கூடை நிரம்பி வழிந்தது. பிடிக்கிறது வசந்தா, கரையில் உட்கார்ந்து கொடுக்கைச் சேர்த்துக் கயிற்றால் கட்டுகிறது அவள் புருஷன் முனியன். கட்டிக் கட்டி அவன் விரலெல்லாம் ரணம்.

"போதும்மே, கயிறு தீந்துபோச்சு" என்றான் முனியன்.

"கயிறு தீந்தா இன்னா, உன் அரணாக்கயித்த அவுத்துக் கட்டு!" என்றாள் வசந்தா. அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு. நண்டைத் தொட்டுவிட்டால் அவளுக்கு வேறு எதுவும் நினைவில் இருக்காது.

கரைக்கு வந்ததும்தான் நினைவு வந்தது. இத்தனை நண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்ய? ஐஸ் பெட்டியோடு வந்து எடைபோட்டு வாங்கிப் போகிற ஏஜெண்டு பிரகாஷ் போனை அணைத்து வைத்துவிட்டான். விமானம் பறந்தால்தானே நண்டு வெளிநாட்டுக்குப் போகும்? விமானம் இல்லை, ரயில் இல்லை, பொன்னேரிக்குப் பஸ் இல்லை. வசந்தாவிடம் ரேஷன் கார்டும் இல்லை. எழுதிக் கொடுத்தது எந்த ஆபீசில் தூங்குகிறதோ! கார்டு இருந்தவர்கள் கடையில் வரிசையில் நின்று அரிசி வாங்கினார்கள். ஏரிக்கரையில் கையால் இறால் தடவிப் பிழைக்கிற அந்தக் குடிசைகளில் பாதிப் பேருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பட்டினி என்றும் சொல்ல முடியாது. அதுதான் கூத்து. மெட்ராஸில் பெரிய ஓட்டலில் போய் உட்கார்ந்து தின்கிற நண்டு, இங்கே மூன்று வேளையும். வசந்தாவின் மகள் வினோதினி தட்டைத் தள்ளிவிட்டாள். "நண்டத் துன்னு துன்னு நாக்கே செத்துப்போச்சும்மா. எனுக்கு ஒரு வாய் சோறு குடு, போதும்" என்று அழுதாள். அந்தக் குழந்தை சோறு கேட்டு அழுத அழுகையில்தான் வசந்தா கூடையைத் தலையில் ஏற்றினாள்.

"எங்கமே போற?"

"திருப்பாலைவனத்துப் பக்கம். நெல்லு வெளையற ஊரு. அவங்களுக்கு அரிசி இருக்கும், மீனு இருக்காது. நம்மகிட்ட நண்டு இருக்கு, அரிசி இல்ல. குடுத்து வாங்கிக்கினு வந்துடலாம்."

"பாலத்தாண்ட போலீஸ் நிக்கிறான். தோப்புக்கரணம் போடச் சொல்றானாம். வூட்ல இருந்தாத்தான் கொரோனா வராதாம்."

"வூட்ல இருந்தா கொரோனா வராது, சரி. சோறு வருமாய்யா?"

முனியன் துண்டை உதறித் தோளில் போட்டான். முனகிக்கொண்டே பின்னால் நடந்தான். பாலத்தை விட்டு, சவுக்குத் தோப்புக்குள் புகுந்து, உப்புத்தரை தாண்டி நடந்தார்கள். ஈரச்சாக்கு போட்டு மூடியிருந்தும் கூடைக்குள் நண்டுகள் நுரை தள்ளின. செத்த நண்டை எவன் வாங்குவான்? வசந்தா நடக்கவில்லை, ஓடினாள்.

திருப்பாலைவனத்துக்கு இப்பாலே இருக்கும் அந்தச் சின்ன ஊரின் முகப்பில், வேலிகாத்தான் முள்ளை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே மலைபோல் போட்டிருந்தார்கள். வெளியாள் உள்ளே வரக்கூடாதாம். வந்தால் கொரோனாவும் கூடவே வந்துவிடுமாம். வசந்தா முள்ளுக்கு இந்தப் பக்கம் கூடையை இறக்கினாள். தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு கூவல் கூவினாள்.

"நண்டோய்! உசுரு நண்டு! காசு வாணாம், அரிசி குடுத்தா போதும்!"

அடேயப்பா! தெருவே எழுந்து ஓடிவந்தது. பெண்கள் கையில் முறத்தோடும் சட்டியோடும் வந்தார்கள். வசந்தா கூடைமேல் கிடந்த ஈரச்சாக்கை விலக்கினாள். ஆச்சு, இன்னும் கொஞ்ச நேரத்தில் கூடை காலி, பறி நிறைய அரிசி. கணக்குக்கூடப் போட்டுவிட்டாள். ஆனால் ஓடிவந்தவர்கள் முள்ளுக்குக் கிட்டே வந்ததும் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக நின்றுவிட்டார்கள். முதலில் வந்த இந்திராணி, ஊர்த் தர்மகர்த்தா மாணிக்கத்தின் மனைவி, தன் கையைத் தானே பார்த்தாள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

"அய்யோ, காப்பு!" என்றாள் இந்திராணி.

விஷயம் இதுதான். பங்குனித் திருவிழாவுக்கு அம்மனுக்குக் காப்பு கட்டினார்கள். காப்பு கட்டினால் ஊரில் யார் வீட்டிலும் கவிச்சி சமைக்கக்கூடாது, திருவிழா முடிந்து காப்பு அவிழ்க்கிறவரை. கட்டின சூட்டோடு ஊரடங்கு வந்துவிட்டது. போலீஸ் வந்து கோயிலைப் பூட்டச் சொல்லிவிட்டுப் போனது. திருவிழா நடக்காமல் காப்பை அவிழ்க்க முடியாது, காப்பை அவிழ்க்காமல் கருவாட்டைக்கூட முகர்ந்து பார்க்க முடியாது. பெரியவர்கள் ஒரே பிடியாக நின்றார்கள். ஊரே கத்திரிக்காயும் முருங்கைக்காயுமாகத் தின்று நொந்துபோய்க் கிடந்தது.

"இன்னா பெரிய நண்டுடி!" என்று இந்திராணி எச்சில் விழுங்கினாள். "எங்க தலையெழுத்தப் பாரு. போய்டுடி, எடுத்துக்கினு போய்டு. கண்ணுல காட்டாத."

வசந்தாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. போலீஸ் மேல் கோபம், கொரோனா மேல் கோபம், அம்மன் மேலும் கோபம். முனியன் "நான் அப்பவே சொன்னேன்" என்று வாயைத் திறந்தான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். வினோதினியின் முகம் கண்ணுக்குள் வந்தது. வெறுங்கையோடு எப்படித் திரும்புவது?

அப்போதுதான் அவள் வயலைப் பார்த்தாள். முள்வேலிக்கு இந்தப் பக்கம், கிழக்கே, கண்ணுக்கு எட்டியவரை நெல். மஞ்சள் தாண்டிப் பழுத்து, தலை சாய்ந்து, சில இடத்தில் மணி உதிரவே தொடங்கியிருந்தது. வரப்பில் மாணிக்கம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பார்த்தாலே தெரிந்தது, மனுஷன் தூங்கி நாளாகிறது.

"இன்னாய்யா, இன்னும் அறுக்கலியா?" என்று வசந்தா தள்ளி நின்றே கேட்டாள்.

"எங்கம்மா அறுக்கிறது? மெஷின் ஆந்திராவுல மாட்டிக்கிச்சு. பார்டர்ல வுடல. பாஸு வாங்குன்றான், எங்க வாங்குறதுன்னு தெரியல. ஒரு மழை வந்தா போச்சு, மொத்தமும் போச்சு" என்றார் மாணிக்கம்.

வசந்தாவின் மூளை அந்த நேரத்தில் ஓடின ஓட்டம் இருக்கிறதே! "நாங்க அறுக்கிறோம்யா!" என்றாள்.

முனியன் திடுக்கிட்டான். அவள் அரிவாள் பிடித்து எத்தனையோ வருஷம். மெஷின் வந்தபிறகு அவர்களை யார் அறுப்புக்குக் கூப்பிட்டார்கள்?

"வெளியாளு வந்தா ஊர்ல சத்தம் போடுவாங்களேம்மா. கொரோனான்னு..." என்று இழுத்தார் மாணிக்கம்.

"நாங்க இன்னா பாரின்லருந்தா ஏரோபிளேன்ல வந்தோம்? தண்ணிக்குள்ள கெடக்கிறவங்க நாங்க. ஊருக்குள்ள காலே வெக்க மாட்டோம். வயல்ல எறங்குவோம், அறுப்போம், அப்டியே போய்டுவோம்."

மாணிக்கம் வானத்தைப் பார்த்தார், நெல்லைப் பார்த்தார், தலையாட்டினார். கூலி நெல்லாக, ஆனால் கதிர் அடித்து முடித்த பிறகுதான். சரி என்றாள் வசந்தா. கையோடு கொஞ்சம் அரிசி கேட்டிருக்கலாம், நாக்கு நுனிவரை வந்தது. பசி என்று காட்டிக்கொண்டால் கூலி பாதியாகிவிடும் என்று விழுங்கிவிட்டாள்.

மறுநாள் விடியும்போதே ஏரிக்கரைப் பெண்கள் ஆறு பேர் வரப்பில் நின்றார்கள். வசந்தா முதல் கைப்பிடியை அறுத்தபோது விரலையும் சேர்த்து அறுத்துக்கொண்டாள். யாருக்கும் தெரியாமல் சேலையில் துடைத்துவிட்டு, "வேகமா வாங்கடி, ஏரியில எறாலா தடவுறீங்க!" என்று மற்றவர்களை விரட்டினாள். மாணிக்கத்துக்கு முகம் தெளிந்தது. முனியன் கட்டு சுமந்தான். உச்சிக்குள் ஒரு வயல் சுத்தமாகிவிட்டது.

மதியம் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் கல்லைக் கூட்டி, முந்தினநாள் நண்டை உடைத்துப் போட்டு, மரத்தில் கிடைத்த மாங்காயையும் நறுக்கிப் போட்டுக் குழம்பு வைத்தாள் வசந்தா. அந்த நேரம் பார்த்துக் கடல்காற்று கிளம்பியது. கிழக்கேயிருந்து வந்த காற்று குழம்பு வாசனையை அப்படியே வாரி எடுத்துக்கொண்டு போய் ஊருக்குள் கொட்டியது. தெருத் தெருவாக, வீடு வீடாக நண்டுக் குழம்பு! தூங்கிய பெரிசுகள் எழுந்து உட்கார்ந்தன. சின்னப்பிள்ளைகள் மாடியில் ஏறி மூக்கை நீட்டின.

இந்திராணிக்குப் பொறுக்கவில்லை. திட்டிவிட்டு வருவோம் என்று முள்ளைத் தாண்டி வரப்பில் விறுவிறுவென்று வந்தாள்.

"ஏண்டி, காப்பு கட்டின ஊருன்னு தெரிஞ்சும் இப்டிக் கொளம்பு காச்சறியே, உனுக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா?" என்று ஆரம்பித்தவள் நின்றுவிட்டாள். ஆறு பேரும் இலையில் குழம்பை ஊற்றி, நண்டை மட்டும் எடுத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

"சோறு எங்கடி?"

"சோறு இருந்தா உங்க ஊரு முள்ளாண்ட நான் ஏங்க்கா வந்து நிக்கிறேன்?" என்றாள் வசந்தா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

இந்திராணி வந்த வேகத்திலேயே திரும்பிப் போனாள். திரும்பி வரும்போது இடுப்பில் ஒரு குண்டான் சோறு, ஆவி பறந்தது. தானே பரிமாறினாள். ஒவ்வொரு இலையிலும் மலைமலையாக வைத்தாள். சாப்பிடுங்கடி என்று சொல்லிவிட்டுச் சற்றுத் தள்ளிப்போய் மோட்டார் தண்ணீரில் கால் கழுவி வந்து பார்த்தால், இலையில் ஒரு பருக்கை இல்லை. அதற்குள்ளா? பிறகுதான் கண்ணில் பட்டது. ஆறு பேர் மடியிலும் ஆறு பொட்டலம். இலையோடு மடித்து முந்தானையில் முடிந்து வைத்திருந்தார்கள்.

"இன்னாடி இது?"

"கொயந்தைங்களுக்குக்கா. நாங்க துன்னுட்டோம், நண்டு துன்னுட்டோம். எங்களுக்கு வவுறு ரொம்பிடுச்சு."

அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரம் இந்திராணி பூட்டிய கோயில் முன்னால் போய் நின்று போட்ட சத்தம் இருக்கிறதே, ஊரே கூடிவிட்டது. "அவங்க சோறில்லாம கொளம்பு குடிக்கிறாங்க, நாம கொளம்பில்லாம சோறு துன்றோம். நடுவுல முள்ளப் போட்டு வெச்சிருக்கோம். இதத்தான் ஆத்தா கேட்டாளா? கேளுங்கய்யா அவளையே!" என்றாள். மாணிக்கம் பெண்டாட்டியை வாய் பிளந்து பார்த்தார். பெரியவர்கள் கசமுசா என்று பேசினார்கள். கடைசியில் கோயில் கதவைத் திறந்து, பூசாரி பூ வைத்துக் கேட்பது என்று முடிவானது. அம்மன் தோளில் இரண்டு பக்கமும் பூ. வலப்பக்கப் பூ விழுந்தால் அவிழ்த்துவிடலாம், இடப்பக்கம் விழுந்தால் கத்திரிக்காய்தான். பூசாரி மணியை எடுத்து ஆட்டக்கூட இல்லை, வலப்பக்கப் பூ சட்டென்று விழுந்தது. ஊரே ஓவென்று கத்தியது. அஞ்சு பேர் மட்டும் டிராக்டரில் அம்மனை வைத்து ஒரு சுற்று சுற்றிவந்து, தீபாராதனை காட்டி, காப்பை அவிழ்த்தார்கள்.

"ஆத்தாளுக்கும் வாசன போயிருக்கும்" என்றாள் வசந்தா, கேள்விப்பட்டதும்.

அடுத்த நாள் முனியன் கூடையோடு வந்தபோது ரோட்டில் முள் இல்லை. மாணிக்கம் ஆள் வைத்து இழுத்துப் போட்டிருந்தார். பெண்கள் அடித்துப் பிடித்து நண்டை அள்ளினார்கள். முனியன் வாழ்நாளில் இப்படி வியாபாரம் பண்ணியதில்லை. வேட்டியை விரித்து அரிசி வாங்கினான், போதாமல் துண்டை விரித்தான். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வயல் பக்கம் அவன் ஓடிவந்த ஓட்டத்தைப் பார்த்து, போலீஸ்தான் துரத்துகிறதாக்கும் என்று வசந்தா அரிவாளோடு எழுந்துவிட்டாள்.

"அரிசிமே! அரிசி! நம்ம கரைக்கே போதும்!" என்று தூரத்திலிருந்தே கத்தினான் முனியன்.

அன்றைக்கு வரப்பில் உலை கொதித்தது. இந்திராணி தன் பங்குக்கு நண்டுக் குழம்பு வைத்துக் கொண்டுவந்து, அவர்களோடேயே வரப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஆறு பெண்களும் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தார்கள். வசந்தா சூடாக ஒரு உருண்டை உருட்டி வாயில் வைத்தாள். வைத்ததும் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிவிட்டது. நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. மென்றுகொண்டே அழுதாள்.

"இன்னாடி, காரம் ஜாஸ்தியா?" என்று இந்திராணி கேட்டாள்.

"ஆமாக்கா, காரம்" என்றாள் வசந்தா. "இன்னும் கொஞ்சம் சோறு போடு."