ஊதா வெளிச்சத்தில் சாம்பல் இலை

என் அத்தை லூபா ஸ்ட்ரெலயெவ் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். பனி கொட்டும் மலைச்சாலையில் ஒரு நாளும் அவள் வண்டி பள்ளத்தில் இறங்கியதில்லை. சாலையை அளந்த அந்தக் கண்ணை நம்பித்தான் வீட்டு நிலவறையில் கஞ்சா வளர்த்தாள். வீட்டுக்கு நாலு செடி வரை எங்கள் மாகாணத்தில் சட்டம் விடுகிறது. ஊறப்போட்ட முட்டைக்கோஸ் ஜாடிகளை ஒட்டி நாலு தொட்டிகள், மேலே ஒரு விளக்கு.

எல்லாம் அல்யோஷா மாமாவுக்காக. மர அறுவை ஆலையில் கட்டை உருண்டு முதுகு நசுங்கியவர். இந்தச் செடியின் பூவைச் சூரியகாந்தி எண்ணெயில் காய்ச்சிக் கொடுத்தால்தான் படுக்க முடியும். கடையில் விற்கும் கஞ்சா எண்ணெயைக் குடித்தால் தலை சுற்றி விழுவார். பழைய எண்ணெய் பாட்டிலின் அடிக்கு வந்துவிட்டது. இந்த நாலும் போனால் குளிர்காலம் முழுக்க அவருக்கு நாற்காலியிலேயே விடிய வேண்டியதுதான்.

பழைய விளக்கு எரிந்துபோனதும் மாமாவின் தங்கை, செடி வளர்க்கும் தன் ஊதா விளக்கைக் கொடுத்திருந்தாள். அதை மாட்டியதிலிருந்து இலைகள் சாம்பல் பூத்தாற்போல் தெரிந்தன. செடிக்குப் பசி என்று முடிவு கட்டிய அத்தை உரத்தண்ணீரைக் கெட்டியாகக் கலந்து ஊற்றினாள். நிறம் திரும்பவில்லை.

ஞாயிறு, பிரார்த்தனைக் கூடத்திலிருந்து நேராக அத்தையின் நிலவறைக்குப் போனேன். அதைவிடக் கெட்டியாக இன்னொரு வாளி கலந்துகொண்டிருந்தாள். எங்கள் பரம்பரையிலேயே முதலில் பட்டம் வாங்கியவன் நான், அதுவும் பயிர்த்தொழிலில். அதை நான் சொல்ல மறந்தாலும் அத்தை மறக்க மாட்டாள்.

"வாடா பட்டதாரி. இதுங்க பொழைக்குமான்னு பாத்துச் சொல்லு."

குனிந்து பார்த்தேன். எல்லா இலையும் ஒரே சாம்பலாக இருந்தது. "ஒண்ணும் பிடிபடல அத்தை."

"உன் மூஞ்சியும்தான் சாம்பலா இருக்கு. உனக்கும் ஒரு கரண்டி ஊத்தவா?"

படியின் உச்சியிலிருந்து மாமாவின் குரல் வந்தது. அவரால் கீழே இறங்க முடியாது. "செத்துருச்சா, இருக்கா? அதச் சொல்லுங்க மொதல்ல."

"நீ வாய வச்சுட்டுச் சும்மா இரு," என்ற அத்தை வாளியைத் தூக்கினாள்.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. ஈரப்பனி தாங்காமல் எங்கோ மரம் கம்பியில் சாய்ந்திருக்க வேண்டும்.

"இது வேறயா," என்று வாளியை இறக்கி வைத்துவிட்டு, படியோரம் தொங்கிய பேருந்துக் காலத்து டார்ச்சை எடுத்து அடித்தாள். வெள்ளை வெளிச்சம் தொட்டியில் விழுந்தது.

பச்சை. மழைக்கு மறுநாள் முட்டைக்கோஸ் வயல் இருக்குமே, அப்படியொரு பச்சை. அடியில் ரெண்டு கிழட்டு இலைகள் மட்டும் மஞ்சள், வயதானால் உதிர்கிறவை. கொழுந்துகள் தெளிவாக இருந்தன. ஆனால் நடு இலைகளின் நுனி தீய்ந்து, கொக்கி போல் கீழே வளைந்திருந்தது.

"பசியில்ல அத்தை, அஜீரணம். நீ ஊத்துன உரமே அதிகம். இந்த வாளியையும் ஊத்தியிருந்தா வேர் வெந்திருக்கும்."

அத்தை டார்ச்சை என் முகத்துக்குத் திருப்பினாள். பிறகு தன் உள்ளங்கையில் அடித்துப் பார்த்தாள். "சாம்பல் விளக்குல இருந்திருக்கு," என்றவள் கவிழ்த்த ஜாடிப்பெட்டி மேல் உட்கார்ந்து, மூச்சு வாங்கச் சிரித்தாள்.

"அழுவுறியா, சிரிக்கிறியா?" என்றார் மாமா மேலிருந்து.

"பொழச்சுக்கிச்சு அல்யோஷா. நீயும்தான்."

"அப்ப சரி," என்றார் மாமா.

உர வாளியைச் சாக்கடையில் கொட்டினோம். அவசரத்துக்குப் பிடித்து வைத்திருந்த வெறுந்தண்ணீரைத் தொட்டிக்குத் தொட்டி, அடித்துளை வழியே தெளிந்து வடியும்வரை ஊற்றினோம். பாதியில் மின்சாரம் வந்தது. இலைகள் மறுபடி சாம்பலாகின. அத்தை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. ஊதா விளக்கின் பக்கத்திலேயே ஓர் ஆணி அடித்து டார்ச்சை மாட்டினாள்.

"போர்ஷ் சூப்பு ஆறிப்போகுது," என்றார் மாமா.

"வர்றோம்," என்றாள் அத்தை, ரெண்டு ரெண்டு படியாக ஏறிக்கொண்டே.