தங்கள் மேலான தகவலுக்காக

நான் வேலை பார்த்த சிமெண்ட் ஆலையில் யாரும் யாருக்கும் தகவல் சொல்லாமல் இருந்ததே இல்லை. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லைவிட அதிகமாகக் கடிதங்களை அரைத்தோம். நான் திட்ட ஒருங்கிணைப்புப் பிரிவில் இருந்தேன். எந்தக் கடிதம் எந்த மேசை வழியாகப் போக வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, மூட்டைகளை லாரிக்குப் பதிலாக ரயிலில் அனுப்பத் தலைமை அலுவலகம் முடிவெடுத்தது. மழைக்காலத்துக்குள் ஏற்றுமேடை தயாராகாவிட்டால் அந்த வேலை ஆந்திராவில் உள்ள எங்கள் இன்னோர் ஆலைக்குப் போய்விடும். மூட்டை கட்டும் பிரிவின் மேலாளரும் கூடவே போக வேண்டும்.

அந்த மேலாளர் என் நண்பர். பெரம்பலூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. தினமும் அவருக்குத் தலை வாரிவிட்டுத்தான் இவர் பஸ் ஏறுவார். “பின்னல் இன்னும் நேரா வரல சார்” என்பார், உற்பத்திக் குறைவுக்கு விளக்கம் சொல்வதுபோல.

மேடையைக் கட்டியது சிவில் பிரிவு. அதன்மேல் நிற்க வேண்டிய இயந்திரத்தை வரவழைத்தது மெக்கானிக்கல் பிரிவு. இடையில் மேடையை ஓரடி உயர்த்த வேண்டி வந்தது. சிவில் உடனே மெக்கானிக்கலுக்கு எழுதியது: ‘தங்கள் மேலான தகவலுக்காக.’ எங்கள் வழக்கப்படி ‘நடவடிக்கைக்காக’ என்று வந்தால் வேலையைச் செய்ய வேண்டும். ‘தகவலுக்காக’ என்று வந்தால் கோப்பில் வைக்க வேண்டும். ஆனால் இன்னொரு பிரிவுக்கு ‘நடவடிக்கைக்காக’ என்று எழுதுவது அதிகாரம் செய்வதாகும். சிவில் தலைவர் மரியாதை தெரிந்தவர். மெக்கானிக்கல் தலைவர் ஒழுங்கு தெரிந்தவர், கோப்பில் வைத்தார். இயந்திரம் பழைய அளவிலேயே வந்து இறங்கியது.

கூட்டம் போட்டோம்.

“ஏங்க, ஒரு போன் போட்டிருக்கலாமே?” என்றார் என் நண்பர்.

“எழுத்துலயே குடுத்துட்டோம் சார். கையெழுத்துப் போட்டுத்தான் வாங்குனாங்க” என்றார் சிவில் தலைவர்.

“வாங்குனோம். செய்யச் சொல்லலையே? அடுத்த வூட்டு அடுப்புல நாங்களா போயி வெறகு வைக்க முடியுமா?” என்றார் மெக்கானிக்கல் தலைவர்.

“அதான் ரெண்டு வூட்லயும் சோறு வேகல.”

எல்லோரும் சிரித்தார்கள். சொன்ன என் நண்பர் சிரிக்கவில்லை.

மறுநாள் இருவரையும் கேன்டீனுக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். கோப்பு இல்லை, குறிப்பெடுக்க நானும் இல்லை. டீ ஆறுவதற்குள் வழி கிடைத்துவிட்டது: இயந்திரத்தின் கால்களை வெட்டிக் குறைத்தால் போதும். ஆனால் இயந்திரம் இன்னும் ஸ்டோர்ஸ் கணக்கில்தான் இருந்தது, வெட்ட அவர்கள் சம்மதம் வேண்டும். ஸ்டோர்ஸ் தலைவருக்கோ தன்னை டீக்குக் கூப்பிடவில்லை என்று மனத்தாங்கல். “மூணு பேரும் பேசி முடிச்சுட்டீங்கல்ல, அப்பறம் நான் எதுக்கு?” என்று பலரிடம் சொன்னார். அவர் சமாதானமாகிச் சம்மதம் தந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. மாற்றல் உத்தரவும் வந்தது.

நண்பர் வேலையை விட்டிருக்கலாம். விட்டால் மனைவியின் வைத்தியத்துக்கான கம்பெனி காப்பீடும் போய்விடும். மாற்றல் விதியைக் கேட்டு என்னிடம்தான் வந்தார். எனக்கு அந்த விதி நன்றாகத் தெரியும். விலக்கு எதுவும் அதில் இல்லை. போகும் ஊரில் பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால், மனைவியை ஜெயங்கொண்டத்தில் அந்த அம்மாவின் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு ரயிலேறினார்.

ஓய்வு பெற்றபின் நான் அவ்வப்போது அந்த ஜெயங்கொண்டம் வீட்டுக்குப் போய் வருகிறேன். போன வாரம் நான் இருக்கும்போதே நண்பரின் போன் வந்தது. அவர் தங்கியிருக்கும் இடத்தில் வீடியோ எடுக்காது. அண்ணி போனை அந்த அம்மாவின் காதருகே பிடித்தார். “மாத்திர போட்டியாம்மா?” என்று குரல் கேட்டது. அந்த அம்மா தலையாட்டினார்.

“போட்டியா?” என்று அவர் மறுபடி கேட்டார். இவர் இன்னும் வேகமாகத் தலையாட்டினார்.

“போட்டுட்டாங்க சார்” என்று நான் சொன்னேன்.