வேலியோரத்தில் ஒரு வட்டக் குழி

என் அக்கா இசபெல்லுக்கு நல்ல நாளிலேயே வீட்டுக்குள் இருக்கப் பிடிக்காது. அரிசியில் கல் பொறுக்குவது, கிழிந்த சட்டையைத் தைப்பது, ஜெபமாலை சொல்வது எல்லாமே வெளியில்தான். மலாயாவில் பத்தாங் பெர்ஜுந்தாய் ஊரிலிருந்து உள்ளே போகும் அந்த ரப்பர் தோட்டத்துக்குக் கல்யாணமாகிப் போனபோது, அங்கிருந்த பழைய லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் வேண்டிய அளவு இடம் இருந்தது. ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய குட்டை வரைக்கும் வெறும் புல்தான். "வீடு எப்படிக்கா?" என்று கேட்டதற்கு, "வாசல் நல்லாருக்கு" என்றாள். வீட்டைப் பற்றி அவள் வேறெதுவும் சொன்னதில்லை.

ஐம்பத்தொன்றாம் ஆண்டில் அந்த வாசல் போனது. காட்டுக்குள் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் சோறு கொடுத்துவிடக் கூடாது என்று, தோட்டம் முழுக்கச் சிதறிக் கிடந்த லயங்களைக் காலி செய்தார்கள். எல்லோரையும் ஆபீஸ் பக்கத்தில் ஒரே இடத்தில் கூட்டிச் சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். ஓர் அறைக்கு இரண்டு குடும்பம், நடுவே சாக்குத் திரை. அக்கா குடும்பம் கடைசி லோரியில் வந்ததால், வேலியை ஒட்டிய கடைசி அறைதான் கிடைத்தது. திரைக்கு அந்தப் பக்கம் பால்மரம் வெட்டும் வேலம்மாவும் அவள் புருஷனும் மூன்று சிறு பிள்ளைகளும் இருந்தார்கள்.

அக்கா வீட்டுக்காரர் காப்ரியல் அத்தான் தோட்டத்தில் வடிகால் வெட்டுகிறவர். பேச்சு குறைவு. அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

அறைக்கும் வேலிக்கும் நடுவே ஒரு மாட்டு வண்டியைத் திருப்ப முடியாத இடம் மிச்சமிருந்தது. வந்து சில வாரங்களுக்குள் அக்காவின் இருமலில் ரத்தம் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் அத்தானைத் தனியே கூப்பிட்டு, "இது காசநோய். குழந்தைகள் தூங்குகிற அறையில் வைக்காதே. காற்றுப் படுகிற இடத்தில் படுக்க வை. முடியாதென்றால் கோலாலம்பூருக்கு அனுப்ப வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் அம்மாவும் அதே நோயோடு அந்த ஊருக்குத்தான் போனாள். நீளமான அறையில் வரிசையாகக் கட்டில்கள். எங்களை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். எந்தக் கட்டிலில் இருப்பது அம்மா என்று தெரியாமலே நாங்கள் இரண்டு பேரும் கையாட்டிவிட்டு வந்தோம். அதன் பிறகு அம்மா வரவில்லை.

"நான் அங்க போகமாட்டேன் அகதா. செத்தாலும் வாசல்லயே சாகுறேன்" என்றாள் அக்கா. அவளைப் பார்த்துக்கொள்ள நான் ஆகஸ்டில் கிள்ளானிலிருந்து வந்து, அக்டோபர் வரை தங்கியிருந்தேன். வேலம்மா திரைக்கு அந்தப் பக்கமிருந்து, "அக்கா, நீங்க என் அக்கா மாதிரிதான். ஆனா புள்ளைங்க..." என்று ஆரம்பித்து அழுதுவிட்டாள். அக்காதான் அவளைத் தேற்றினாள். "நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? எந்திரி, சோத்தைப் பாரு."

அத்தான் அந்த வண்டி திரும்பாத இடத்தில் நான்கு கால் நட்டு, கயிறு கட்டி, அவரைக் கொடி ஏற்றி ஒரு பந்தல் போட்டார். அடியில் கேன்வாஸ் கட்டில். கொடி மேலே ஏறி நிழல் விழுந்த வாரமே சன்னாசி வந்துவிட்டான். சபாக் ஊர்ப் பக்கத்துப் பையன். ஸ்பெஷல் போலீசில் சேர்ந்து எங்கள் வேலிக்குக் காவல் வந்தவன்.

"காப்ரியல்ண்ணே, என்னாலா இது, கல்யாணப் பந்தலா?"

"உங்கக்கா படுக்கத்தான்யா."

"எனக்குத் தெரியுது. மேல காவல் கூண்டுல நிக்கிறவனுக்குத் தெரியாதே. வேலி மறையுதுன்னு கத்துறான்." அவன் துப்பாக்கியைத் தரையில் நேராக நிறுத்திக் காட்டினான். அது அவன் இடுப்புக்குச் சற்று மேலே வந்தது. "இவ்வளவுதான் உயரம். இதுக்கு மேல ஒரு மொளகாச் செடி நிக்கக் கூடாது."

"இந்த உயரத்துக்கு ஆட்டைக் கட்டலாம்யா, ஆளைப் படுக்க வைக்க முடியுமா?"

"நான் என்னண்ணே பண்றது? சட்டத்தை நானா போட்டேன்?"

பந்தலை அத்தானே பிரித்தார். பந்தல் கால்கள் அக்கா மேல் விழாமல் சன்னாசி பிடித்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு அத்தான் மண்வெட்டியை எடுத்தார். மேலே போகக் கூடாது என்றால் கீழே போகலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. வடிகால் வெட்டிப் பழகிய கை. பகலுக்குள் சாம்பல் நிறக் களிமண்ணில் இடுப்பளவு இறங்கிவிட்டார். தண்ணீர் எடுத்துக்கொண்டு போன பக்கத்து அறை நாகமணி எட்டிப் பார்த்தாள். வாளியைக் கீழே போட்டாள்.

"ஐயோ! ஆளு உசுரோட இருக்கையிலயே குழி வெட்டுறானே பாவி!"

லயமே திரண்டுவிட்டது. அத்தான் கட்டிலை அளந்து, அந்த அளவுக்கு வெட்டியிருந்தார். நீளம் ஓர் ஆள் நீளம், அகலம் ஓர் ஆள் அகலம். கட்டிலை மட்டுமே நினைத்து வெட்டியவருக்கு, மற்றவர்கள் சொல்லும் வரை அது வேறொன்றாகக் கண்ணில் படவில்லை. பட்ட பிறகு அவரால் அதற்குள் நிற்கவும் முடியவில்லை. ஏறி வந்து மண் குவியலில் உட்கார்ந்துவிட்டார்.

"வெட்டுன குழி சும்மா இருக்காதுண்ணே. யாரையாச்சும் கேக்கும். ஒரு கோழியையாச்சும் அறுத்துப் போட்டு மூடிருங்க" என்றாள் வேலம்மா.

"அவங்க வேதக்காரங்கடி, கோழி அறுப்பாங்களா?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"வேதக்கார வீட்டுல ஆளு சாகறதில்லையா? அறுக்கட்டும்!"

சத்தம் கேட்டு அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். குழியைப் பார்த்தாள். அத்தானைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமானது.

"அளவு சரியாத்தான் இருக்கு. நான் தூங்கும்போது அளந்தீங்களா?"

அத்தான் மண்வெட்டியைத் தூரத் தள்ளினார்.

"இந்தாங்க. வட்டமா வெட்டுங்க. வட்டக் குழியில எவனும் எவளையும் பொதைச்சதில்ல. என்ன நாகமணி, உங்க ஊர்ல உண்டா?"

நாகமணி யோசித்தாள். "இல்லதான்" என்றாள், சமாதானமாகாத குரலில். ஆனால் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வேலம்மாவும் கோழிப் பேச்சை விட்டாள். அத்தான் மாலைக்குள் பக்கங்களை அகலப்படுத்தி அதைக் கிணறு மாதிரி வட்டமாக்கினார்.

அந்த வட்டத்தைக் குடியிருக்கும் இடமாக்கியது அக்காதான். மண் சரியாமல் சுற்றிலும் மூங்கில் பிளாச்சு அடிக்கச் சொன்னாள். தரையில் மணல், அதன் மேல் பலகை. இறங்க இரண்டு படி. சுவரில் களிமண்ணைக் குடைந்து ஒரு மாடம், அதில் மாதா சுரூபமும் தண்ணீர்க் குவளையும். விளிம்பைச் சுற்றி உயரமே வளராத பொன்னாங்கண்ணியும் புதினாவும். மேலே துப்பாக்கி உயரத்தில் கம்பி இழுத்து மறுபடியும் அவரை. உள்ளே பலகையில் உட்கார்ந்தால் தலைக்கு மேல் இலை. பக்கவாட்டில் காற்று தாராளமாக வரும். சன்னாசி துப்பாக்கியை நிறுத்தி அளந்துவிட்டு, "துரை பங்களாவிலகூட இப்படி இல்லக்கா" என்றான்.

"துரையை வரச் சொல்லு, வாடகைக்கு விடறேன்."

முதலில் கஞ்சி கொடுக்க வந்த வேலம்மா படியில் உட்கார ஆரம்பித்தாள். பிள்ளைகளை மட்டும் அண்டவிட மாட்டாள். பிறகு நாகமணி சீப்பும் கையுமாக வந்தாள். வேலிக்குள் எங்கே நின்றாலும் கூண்டில் இருப்பவன் பார்த்துக்கொண்டே இருப்பான். குளித்தாலும் பார்ப்பான், சண்டை போட்டாலும் பார்ப்பான். இந்தக் குழிக்குள் மட்டும் அவன் கண் எட்டாது. பெண்கள் அக்காவிடமிருந்து கொஞ்சம் தள்ளிப் படிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து, வேலை வாங்கும் மண்டோரைத் திட்டினார்கள், ஈரத் தலையை ஆற்றினார்கள், சில சமயம் ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். நான் கிள்ளானுக்குத் திரும்பும்போது அக்காவின் கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது. பிழைத்துவிடுவாள் என்று நம்பித்தான் போனேன்.

வருஷக் கடைசி மழை அதை மாற்றியது. டிசம்பரில் நான் வந்தபோது தோட்டமே சொதசொதவென்று கிடந்தது. கொடியின் மேல் தார்ப்பாய் விரித்திருந்ததால், குழியில் மழைநீரைவிட அடியிலிருந்து ஊறும் நீர்தான் அதிகம். அத்தான் விடியற்காலையிலும் வேலை விட்டு வந்தும் மண்ணெண்ணெய்த் தகரத்தால் இறைத்தார். வேலிக்கு அடியில் ஒரு சின்ன வாய்க்கால் வெட்ட ஆபீசில் போய்க் கேட்டார். தண்ணீர் போகிற வழியில் அரிசியும் போகும் என்று மறுத்துவிட்டார்கள். தோட்டம் முழுக்கத் தண்ணீரை வடிய வைத்தவருக்குத் தன் வாசலில் ஒரு குழித் தண்ணீரை வெளியே விட வழியில்லை.

தண்ணீர் ஏற ஏறப் பலகைக்கு அடியில் செங்கல் வைத்தார். பலகை உயர்ந்தது. கூரை உயரக் கூடாது; மழையில் கனத்த கொடியும் தார்ப்பாயும் வேறு கீழே தொங்கின. நான் பார்த்தபோது அக்காவால் உட்கார முடியவில்லை. படுத்தபடியே இருந்தாள், இலைகள் மூக்கைத் தொட்டன.

"வசதிதான்டி. அவரைக்காயை வாயாலேயே பறிச்சிக்கலாம்" என்றாள். சிரிக்க மூச்சு இல்லை.

அத்தான் ஒரு நாள் கம்பியை ஒரு சாண் தூக்கிக் கட்டிவிட்டார். சன்னாசி வந்தான். பார்த்தான். ஒரு செங்கல்லை எடுத்துப் போட்டு, அதன் மேல் துப்பாக்கியை நிறுத்தினான். "சரியாத்தான் இருக்கு" என்றான். "மழைக்குத் துப்பாக்கியும் கொஞ்சம் வளந்திருச்சுக்கா."

அப்படி ஒரு வாரம் ஓடியது. பிறகு அவனுக்கு மேலே இருப்பவன் வந்து செங்கல் இல்லாமல் அளந்தான். கம்பி பழைய இடத்துக்கே இறங்கியது. சன்னாசியை வேறு வேலிக்கு மாற்றினார்கள்.

அன்று மாலை அக்கா அத்தானைக் கூப்பிட்டாள். நான் படியில் இருந்தேன்.

"லோரிக்குச் சொல்லிடுங்க."

"நாளைக்கு மழை விட்டாலும் விடும், புள்ள. இன்னும் நல்லா இறைக்கிறேன்."

"நீங்க இறைப்பீங்க. எனக்குத்தான் எந்திரிச்சு இரும முடியல. படுத்துக்கிட்டே இருமுனா அடைக்குது."

"அப்ப உள்ள வந்து படு. வேலம்மா ஒண்ணும் சொல்லாது. நான் பேசிக்கிறேன்."

"அது சொல்லாது. அதான் வேணாங்கிறேன். மூணு புள்ளைங்க தூங்குற எடம்."

அத்தான் தகரத்தை எடுத்து இறைக்கத் தொடங்கினார்.

அடுத்த நாள் போலீஸ் காவலோடு கோலாலம்பூர் போகிற லோரியில் அக்காவை ஏற்றினோம். வேலம்மா வேலி வாசல் வரை வந்தாள். பிள்ளைகளையும் கூட்டி வந்திருந்தாள். அன்றுதான் அவர்களை முதல் முறை அக்கா பக்கத்தில் விட்டாள். அக்காதான் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு கையால் தள்ளி நிற்கச் சொன்னாள்.

அவள் போன பிறகும் அத்தான் இறைப்பதை நிறுத்தவில்லை. "எதுக்கு அத்தான்?" என்றேன். "மழை விட்டதும் வந்துருவா. காஞ்சிருக்கணும்ல" என்றார்.

ஜனவரியில் ஆஸ்பத்திரியிலிருந்து ஆபீசுக்குச் செய்தி வந்தது. சாலைக் கெடுபிடியில் உடலைத் தோட்டத்துக்குக் கொண்டுவர அனுமதி கிடைக்கவில்லை. கோலாலம்பூரிலேயே, அம்மாவைப் புதைத்த அதே கல்லறைத் தோட்டத்தில் புதைத்தோம். அம்மா எந்த வரிசை என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

அத்தானோடு நான் தோட்டத்துக்குத் திரும்பியபோது வாசல் சமதரையாக இருந்தது. நாங்கள் இல்லாத நேரத்தில் லயத்துக்காரர்கள் கூடி, மண் சுமந்து, குழியை மூடி மிதித்து, மேலே மணல்கூடத் தூவியிருந்தார்கள். அவர் கண்ணில் அது படக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள்.

"யாரு மூடுனது?" என்று கேட்டார்.

"நாங்கதாண்ணே. எல்லாரும் சேந்துதான்" என்றாள் வேலம்மா. "மாதாவையும் பலகையையும் எடுத்து உள்ள வச்சிருக்கோம். அவரைக்கொடி மட்டும் பொழைக்கல."

"சரி" என்றார். அறைப் பக்கம் திரும்பி, "நல்லதும்மா" என்றார்.

மறுநாள் விடியற்காலை அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டதை அறை வாசலிலிருந்து பார்த்தேன். நேரே நடந்தால் பத்தடி. அவர் சுவரை ஒட்டி வளைந்து சுற்றிக்கொண்டு போனார். தரையில் குழி இருந்ததற்கு ஓர் அடையாளமும் இல்லை. பின்னாலேயே பால் வாளிகளோடு வந்த வேலம்மா ஒரு நொடி நின்றாள். அவளும் சுற்றிக்கொண்டு போனாள்.